லண்டனில் மஞ்சக் கடுதாசி

லண்டன் போகிறவர்கள் டவர் பிரிட்ஜ் பார்ப்பார்கள். பிக் பென் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் மெழுகு பொம்மை மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கி, அசையாமல் நிற்கிற சினிமா ஸ்டாரின் தோளில் கை போடுவார்கள்.

நான் பார்க்கப் போனது வேறு. கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் மோதிக்கொண்ட இடங்கள்.

"ஏம்ப்பா, இதுக்குப் போய் எதுக்கு பிளேன் டிக்கெட்? நம்ம தெருவுலயே நாலு கேஸ் இருக்கே!" என்றார் மாமா.

நியாயம்தான். ஆனால், நம் தெருவில் 'ஐ.பி. கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி நீட்டிட்டான்' என்று சொல்கிறோமே, அந்த ஐ.பி.யின் பூர்வீகம் லண்டன். இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம். சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கு 1909-லும், மற்ற ஊர்களுக்கு 1920-லும் வெள்ளைக்காரன் போட்ட சட்டங்கள் வழியாக இங்கே வந்து இறங்கி, மஞ்சள் பூசிக்கொண்டு தமிழாகிவிட்டது.

தமிழில் இன்னொரு வேடிக்கை உண்டு. கடன் வாங்கினவனும் கடன்காரன். கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவனும் கடன்காரன். 'கடன்காரன் வந்திருக்கான், நான் இல்லேன்னு சொல்லு' என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பவரும் சாட்சாத் ஒரு கடன்காரரே! இங்கிலீஷ் சட்டம் இந்த இரண்டு பேரையும் பிரித்து வைத்ததோடு நிற்கவில்லை. நடுவில் மூன்றாவதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. அந்த ஆளுக்கு உடம்பு கிடையாது. அடிக்க முடியாது, ஜெயிலில் போட முடியாது. பெயர், கம்பெனி.

'கம்பெனி வேற, நான் வேற.'

இந்த நாலு வார்த்தை எங்கே பிறந்தது, சமீபத்தில் வந்த தீர்ப்புகளில் அது எங்கே வந்து நிற்கிறது என்று இரண்டு நாள் லண்டனில் நடந்து பார்த்தேன். கூட வந்தவன் என் பி.காம். கிளாஸ்மேட். அங்கே ஓர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறான். கம்பெனி லா வகுப்பு முழுவதையும் கடைசி பெஞ்சில் தூங்கியே முடித்தவன், இன்று அதே கம்பெனி லாவில்தான் சம்பளம் வாங்குகிறான். ஆண்டவன் கணக்கை ஆடிட் பண்ண யாரால் முடியும்?

*

முதல் இடம், தேம்ஸுக்குத் தெற்கே பரோ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே செயின்ட் ஜார்ஜ் சர்ச். அதை ஒட்டினாற்போல் ஒரு சந்து. 'ஏஞ்சல் பிளேஸ்' என்று பெயர். தேவதை வசிக்கிற மாதிரி பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, சந்தின் ஒரு பக்கம் முழுக்க உயரமான, அழுக்கேறிய செங்கல் சுவர். அவ்வளவுதான். ஒரு காலத்தில் லண்டனையே நடுங்க வைத்த மார்ஷல்சி கடன் ஜெயிலில் மிச்சமிருப்பது இந்தச் சுவர் மட்டும்தான்.

1824-ல் ஒரு கடற்படை குமாஸ்தா இங்கே அடைக்கப்பட்டார். பேக்கரிக்காரருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி. அவர் பையனுக்கு அப்போது 12 வயது. படிப்பை விட்டுவிட்டு ஷூ பாலீஷ் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போனான். அந்தப் பையன்தான் சார்லஸ் டிக்கன்ஸ். பின்னாளில் 'லிட்டில் டாரிட்' நாவலில் இந்த ஜெயிலையே கதைக்களமாக்கினார்.

கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்துக் கடன் ஜெயில்களில் உள்ளே இருக்கவும் ஃபீஸ் உண்டு. கட்ட வழியில்லை என்றுதானே உள்ளே தள்ளினாய், உள்ளே இருப்பதற்கும் பில் போட்டால்?

"பேக்கரிக்காரருக்கு என்னடா லாபம்? உள்ள இருக்கிறவன் எப்படிச் சம்பாதிச்சு அடைப்பான்?" என்றான் நண்பன்.

ஒரு லாபமும் இல்லை. டிக்கன்ஸின் அப்பா சுமார் மூன்று மாதம் கழித்து, திவால் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுத்தான் வெளியே வந்தார். நம் பாஷையில் சொன்னால், மனுஷன் ஐ.பி. கொடுத்துவிட்டார்!

ஆளைப் பிடித்து அடைத்தால் ரொட்டிக் காசு வராது என்று நாட்டுக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. மார்ஷல்சி 1842-ல் மூடப்பட்டது. 1869-ல் வந்த சட்டம், கடனுக்காக ஜெயில் என்பதைப் பெரும்பாலும் ஒழித்தது. அதற்குப் பிறகு கேள்வி மாறிவிட்டது. 'ஆளை எங்கே அடைப்பது?' என்பது போய், 'இருக்கிற கொஞ்சப் பணத்தை யாருக்குக் கொடுப்பது?' என்று ஆனது.

*

அடுத்து ஒயிட்சேப்பல். ஆற்றைத் தாண்டி கிழக்கு லண்டன். ஸ்டேஷன் பெயரை வங்காள எழுத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் பிளாட்பாரக் கடைகள், வெண்டைக்காய், புடவைத் துணி, சண்டை. ரங்கநாதன் தெருவைக் கொஞ்சம் குளிர வைத்த மாதிரி இருக்கிறது.

பி.காம். படித்த ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது இந்தத் தெருவைப் பார்த்துக் கும்பிட வேண்டும். 'சாலமன் வெர்சஸ் சாலமன்' ஞாபகம் இருக்கிறதா? எந்த வருஷக் கேள்வித்தாளை எடுத்தாலும் தலை காட்டுமே, அதே சாலமன்தான். ஆரன் சாலமன் இந்தப் பகுதியில்தான் தோல் பூட்ஸ் செய்து விற்றுக்கொண்டிருந்தார்.

1892-ல் அவருக்கு ஒரு யோசனை. தன் வியாபாரத்தை ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனி யாருடையது? அவருடையதேதான்! மொத்தம் 20,007 பங்கு. 20,001 அவருக்கு. மீதி ஆறும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. விலையில் ஒரு பகுதிக்கு, கம்பெனியின் சொத்தைப் பிடித்துவைத்து 10,000 பவுண்டுக்கு கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். அதாவது, தன் கம்பெனிக்குத் தானே கடன்காரர். (எந்த வகைக் கடன்காரர் என்று கேட்காதீர்கள். வாசலில் நிற்கிற வகை!)

அடுத்த வருஷமே கம்பெனி படுத்துவிட்டது. பத்திரம் வைத்திருந்த தரப்புக்குக் கொடுத்தபின் மிச்சம் எதுவும் இல்லை. பத்திரம் இல்லாமல் சரக்குக் கொடுத்த வியாபாரிகளுக்கு 7,000 பவுண்டுக்கு மேல் பட்டை நாமம்.

கீழ் கோர்ட்டுகள் கொதித்தன. 'கம்பெனியாவது, மண்ணாவது. இது சாலமன் போட்ட வேஷம்' என்றன. ஆனால் 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஏகமனதாகத் தீர்ப்பை மாற்றிவிட்டது. சட்டப்படி பதிவு செய்தாகிவிட்டதா? அப்படியானால் கம்பெனி தனி ஆள். அதன் கடன் அதனுடையது. சாலமன் வேறு. இதில் ஒரு சோகம், அப்பீல் செய்வதற்குள் சாலமனே ஓட்டாண்டியாகி, ஏழை என்று சலுகை வாங்கித்தான் அந்த வழக்கை நடத்தினார்.

பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான். நோட்ஸில் வராத ஒரு பாகம் உண்டு. அதே தீர்ப்பில் மெக்னாட்டன் பிரபு மனம் பொறுக்காமல் எழுதினார்: கம்பெனி மூழ்கும்போது பத்திரம் வைத்திருப்பவர்கள் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது பெரிய அநியாயம். சரக்குக் கொடுத்த சாதாரண வியாபாரிக்குச் சட்டம் ஏதாவது வழி செய்ய வேண்டும்.

வழி பிறந்தது. எப்போது? 2003-ல்! சொத்து முழுவதையும் பொதுவாக வளைத்துப் பத்திரம் வாங்கியிருப்பவர்களின் பங்கிலிருந்து ஒரு பகுதியைப் பத்திரமில்லாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2020-லிருந்து அதற்கு உச்சவரம்பு 8 லட்சம் பவுண்டு. 107 வருஷம் காத்திருந்தால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

*

திவால் சட்டம் புரிய வேண்டுமானால் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் நூறு பேருக்கு. வந்திருப்பவர்கள் முந்நூறு. முதல் பந்தியில் அடமானம் வைத்திருக்கிற பேங்க். அப்புறம் திவால் வேலையை நடத்திக் கொடுப்பவர்களின் ஃபீஸ். பிறகு தொழிலாளியின் சம்பள பாக்கியில் ஒரு சிறு பங்கு, வரி ஆபீஸ். கடைசிப் பந்தியில் சரக்குக் கொடுத்தவன், லாரி ஓட்டினவன், அட்வான்ஸ் கட்டினவன். அவன் இலையைப் போட்டு உட்காரும்போது ரசம்கூடத் தீர்ந்திருக்கும். பங்குதாரர் கதை? மண்டபத்தைப் பூட்டியிருப்பார்கள்!

இந்தப் பந்தி விசாரிக்கும் இடம் ஃபெட்டர் லேனில் இருக்கிறது. 2011-ல் திறந்த ரோல்ஸ் பில்டிங். 'கோர்ட்' என்றதும் கோபுரமும் புறாவும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கண்ணாடியும் லிஃப்டுமாக, சாஃப்ட்வேர் கம்பெனி போலிருக்கிறது. பையை ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். காசு கிடையாது. போட்டோ மட்டும் கூடாது. 750 பவுண்டு பாக்கி இருந்தால் போதும், ஒரு கம்பெனியை மூடச் சொல்லி இங்கே மனுக் கொடுக்கலாம். தனி ஆள் என்றால் 5,000 பவுண்டு.

நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் இந்தக் கோர்ட்டின் ஏட்டில் இருக்கிறது. விஜய் மல்லையா. ஸ்டேட் பேங்க் தலைமையில் 13 தரப்பு சேர்ந்து, பெங்களூர் கடன் வசூல் டிரிப்யூனல் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். கேட்ட தொகை 100 கோடி பவுண்டுக்கு மேல். 2021 ஜூலை 26-ல் அவரைத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தது. 'சொத்துகளை விற்றுப் பேங்குகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன' என்பது அவர் தரப்பு. 2025 ஏப்ரலில் ஹைகோர்ட் அப்பீலை விசாரித்து, திவால் உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது. பெங்களூரில் போட்ட உத்தரவு லண்டன் வரை நடந்து வரும் என்பது நமக்குச் செய்தி.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேரி ஸ்ட்ரீட். திவால் கோர்ட் முன்பு இங்கேதான் இருந்தது. அதனால் 'அவன் கேரி ஸ்ட்ரீட்டில் இருக்கான்' என்றாலே 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று அர்த்தம். நமக்குக் கலர், அவர்களுக்குத் தெரு. மற்றபடி மனுஷ சுபாவம் ஒன்றுதான். நேரே சொல்லக் கூச்சம்!

*

கேரி ஸ்ட்ரீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்ட்ராண்ட் பக்கம் முகம் வைத்து நிற்கிறது 1882-ல் திறந்த பழைய கோர்ட் மாளிகை. கோபுரம், வளைவு, எல்லாம் உண்டு. அப்பீல் கோர்ட் இருப்பது இங்கேதான். சமீபத்திய பந்தித் தகராறுகளில் பெரிய இரண்டு இங்கே தீர்ந்தன.

கதை இப்படி. 2020 ஜூனில், கொரோனா நேரத்தில் ஒரு சட்டம் வந்தது. தள்ளாடும் கம்பெனி தன் கடன்களைத் திருத்தி எழுத ஒரு திட்டம் கொடுக்கலாம். கடன் கொடுத்தவர்கள் வகை வகையாக ஓட்டுப் போடுவார்கள். ஏதாவது ஒரு வகையில், உண்மையிலேயே பணம் வரக்கூடிய வகையாக இருக்க வேண்டும், மதிப்புக் கணக்கில் 75 சதவீதம் 'சரி' என்றால், மாட்டேன் என்ற மற்றவர்களையும் கோர்ட் கட்டிப்போடலாம். திட்டம் இல்லாவிட்டால் கிடைப்பதைவிட அவர்களுக்கு மோசமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இதில் ஒரு சூட்சுமம். 'திட்டம் இல்லாவிட்டால் உனக்குக் கிடைப்பது பூஜ்யம். அதனால் இப்போதும் பூஜ்யம் கொடுத்தால் என்ன மோசம்?' 2021-ல் வர்ஜின் ஆக்டிவ் ஜிம் வழக்கில், கட்டடச் சொந்தக்காரர்களின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் எடுபடாமல் போனது. கடைசிப் பந்திக்காரனுக்கு மெனுவைப் பற்றிப் பேச என்ன உரிமை என்கிற மாதிரி.

2024 ஜனவரியில் காற்று திசை மாறியது. அட்லர் என்ற ஜெர்மன் வீட்டு மனை நிறுவனம். அதன் பாண்டு வாங்கியவர்கள் எல்லோரும் சட்டப்படி ஒரே பந்தி. ஆனால் திட்டம் சொன்னது, முதிர்வுத் தேதிப்படி முன்னால் உள்ளவர்களுக்கு முதலில், 2029 பாண்டுக்காரர்களுக்குக் கடைசியில். நடுவில் பணம் தீர்ந்துவிட்டால்? நஷ்டம் அவர்கள் தலையில். 'கம்பெனியை மூடியிருந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர்களை மட்டும் ஏன் கடைசியில் நிற்க வைத்தாய்? சரியான காரணம் எங்கே?' என்று கேட்டு, கீழ் கோர்ட் கொடுத்த ஒப்புதலை அப்பீல் கோர்ட் ரத்து செய்தது. என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? அதற்குள் திட்டம் அமலாகியிருந்தது. ஆனால் அடுத்து வந்தவர்களுக்குப் பாடம்.

அடுத்து வந்தது பெட்ரோஃபேக், எண்ணெய்த் தொழில் கான்ட்ராக்ட் கம்பெனி. கூட்டுத் தொழிலில் இருந்த சாய்பெமும் ஒரு சாம்சங் நிறுவனமும் எதிர்த்தன. கம்பெனி மூடினால் அவர்களுக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. அப்பீல் கோர்ட் 2025 ஜூலை 1-ல் சொன்னதன் சாரம்: ஒருவனுடைய உரிமையை அழித்து ஒரு லாபம் உண்டாகிறது என்றால், அதில் அவனுக்கு நியாயமான பங்கு உண்டா என்று பார்த்தாக வேண்டும். புதுப் பணம் போட்டவர்கள் அவ்வளவு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளக் காரணம் காட்டவில்லை. ஒப்புதல் ரத்து. (அந்த வருஷம் அக்டோபரில், ஒரு பெரிய கான்ட்ராக்ட்டும் கை நழுவிப்போக, பெட்ரோஃபேக்கின் தாய்க் கம்பெனி நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது.)

"தீர்ப்பு ஜெயிச்சும் பணம் வரலைன்னா எப்படிடா?" என்றேன்.

"கோர்ட்டால கரண்டியைத்தான் நேரா பிடிக்க வைக்க முடியும். சாம்பாரை உண்டாக்க முடியாதுடா" என்றான். கடைசி பெஞ்சுக்காரர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

*

மறுநாள் பார்லிமென்ட் ஸ்கொயர். சர்ச்சில் சிலைக்கும், 2015-ல் வந்த நம் காந்தி சிலைக்கும் நடுவில் டூரிஸ்டுகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சுப்ரீம் கோர்ட். 2009 வரை பிரபுக்கள் சபை பார்த்த வேலை இப்போது இங்கே. சாலமன் வழக்கு இன்று வந்தால் இந்த வாசலில்தான் நிற்கும்.

2022 அக்டோபர் 5-ல் இங்கே வந்த ஒரு தீர்ப்பை டைரக்டர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பெயர் செக்வானா வழக்கு. ஒரு பேப்பர் கம்பெனி 2009 மே மாதம் தன் தாய்க் கம்பெனிக்கு 13.5 கோடி யூரோ டிவிடெண்டு கொடுத்தது. அப்போது கையில் பணம் இருந்தது. ஆனால் தலைக்கு மேல் ஒரு கத்தி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நதி அசுத்தமானதற்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று தெரியாது. கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்துக் கம்பெனி திவால். 'அன்று டிவிடெண்டு கொடுத்தபோது கடன் கொடுத்தவர்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?' என்பது கேள்வி.

கோர்ட் சொன்னது இரண்டு. ஒன்று, ஆமாம், அப்படியொரு கடமை உண்டு. கம்பெனி முழுகப்போகிறது, அல்லது விளிம்பில் நிற்கிறது என்று டைரக்டருக்குத் தெரிந்தால், தெரிந்திருக்க வேண்டும் என்றால், பங்குதாரரோடு கடன் கொடுத்தவரையும் நினைக்க வேண்டும். நிலைமை மோசமாக ஆக, கடன் கொடுத்தவர் பக்கமே தராசு சாய வேண்டும். இரண்டு, 'என்றைக்காவது முழுகலாம்' என்ற வெறும் அபாயம் மட்டும் போதாது. ஆகவே அந்த டைரக்டர்கள் தப்பித்தார்கள். ஆனால் டிவிடெண்டு தப்பவில்லை. கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் பண்ணுவதற்காகக் கொடுத்தது என்று, வேறு ஒரு பிரிவின் கீழ் அப்பீல் கோர்ட் 2019-லேயே சொல்லியிருந்தது.

நாலு வார்த்தைக்குள் முதல் ஆணி இறங்கிவிட்டது. 'கம்பெனி வேற, நான் வேற' சரிதான். ஆனால் கம்பெனி யாருக்காக மூச்சு விடுகிறது என்பது அதன் உடல்நிலையைப் பொறுத்தது.

*

இந்த ஆணி எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் போனோம். கூட்டம், ஷாப்பிங் பை, டபுள் டெக்கர் பஸ். இந்தத் தெருவில்தான் பி.எச்.எஸ். கடையின் தலைமைக் கிளை இருந்தது. 1928-ல் பிரிக்ஸ்டனில் ஆரம்பித்த கடை. நடுத்தரக் குடும்பம் தலையணை உறை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், பல்பு வாங்குகிற இடம்.

2015 மார்ச்சில் இந்தக் கம்பெனி முழுவதும் கைமாறியது. விலை எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு! ஆமாம் சார், ஒரே ஒரு பவுண்டு. கடைக்குள் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்க அதைவிட அதிகம் வேண்டும். வாங்கியவர்களுக்குச் சில்லறைக் கடை நடத்திய அனுபவம் கிடையாது. சொத்துகளை அடகு வைத்து, ஏறிக்கொண்டே போகும் வட்டிக்குக் கடன் மேல் கடன். 2016 ஏப்ரலில் கம்பெனி விழுந்தது. 11,000 பேருக்கு வேலை போனது. பென்ஷன் நிதியில் விழுந்த ஓட்டை 57 கோடி பவுண்டு. (கடையை விற்ற பழைய முதலாளி, நெருக்கடி வலுத்தபின் 2017-ல் 36 கோடி பவுண்டு பென்ஷனுக்குக் கொடுத்தார்.)

வழக்கு நடந்து, 2024 ஜூனில் ஹைகோர்ட் 500 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதியது. ஜட்ஜ் சொன்னது: 2015 செப்டம்பரிலேயே 'இது தேறாது' என்று டைரக்டர்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்டியது தவறு. அதற்கும் முன்பே, ஜூன் மாதம் முதலே, கடன் கொடுத்தவர்களின் நலனை நினைக்காமல் நஷ்டத்தை ஆழமாக்கியதும் தவறு. இந்த இரண்டாவது குற்றச்சாட்டுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது செக்வானா தீர்ப்பு. பெரிய பெரிய வக்கீல்களும் ஆடிட்டர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது கேடயமாகவில்லை. அதே ஆகஸ்டில் இரண்டு டைரக்டர்கள் சேர்ந்து கட்ட வேண்டிய தொகை 11 கோடி பவுண்டு என்று நிர்ணயமானது.

அந்தப் பணம் முழுதாக வருமா என்பது வேறு விஷயம். ஆனால் இங்கே சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று யோசித்தேன். டைரக்டர்கள் முகம் பேப்பரில் வந்தது. முப்பது வருஷம் கல்லாவில் நின்று, மாதாமாதம் பென்ஷனுக்குப் பிடித்தம் கொடுத்த அம்மாக்களின் முகம் வரவில்லை. அவர்கள் யாருக்கும் தாங்கள் கடன் கொடுத்தவர்கள் என்றே தெரிந்திருக்காது. ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் தெரியுமா? ஒவ்வொரு மாதமும் முப்பது நாள் உழைப்பைக் கடனாகக் கொடுத்துவிட்டு, முப்பத்தோராம் நாள் கை நீட்டுகிறோம். நாமும் கடன்காரர்கள்தான் சார், வாசலில் நிற்கிற வகை.

*

ஹைட் பார்க்குக்கு வடக்கே ஒரு சின்னத் தெரு. பணக்காரர்களின் குதிரை லாயங்கள் இருந்த தெருக்களை லண்டனில் மியூஸ் என்பார்கள். இன்று குதிரைகள் இல்லை. குதிரை விலையில் வீடுகள். நண்பன் ஒரு வாசல் முன்னால் நின்று விலையைச் சொன்னான். நான் கணக்குப் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

இந்த மாதிரி ஒரு வீட்டைச் சுற்றித்தான் 2025 பிப்ரவரி 19-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. வளைகுடாவில் ஒரு பேங்குக்கு ஓர் அப்பா சுமார் 2 கோடி பவுண்டு பாக்கி. அவருக்குச் சொந்தமான ஒரு கம்பெனியின் பெயரில் லண்டனில் 45 லட்சம் பவுண்டு வீடு. கம்பெனி அந்த வீட்டைப் பைசா வாங்காமல் அவர் பையனுக்குக் கொடுத்துவிட்டது. நம் ஊரில் 'மச்சினி பேர்ல எழுதி வெச்சுட்டான்' என்போமே, அதன் ஃபாரின் எடிஷன்.

ஏமாற்றச் சொத்தை மாற்றினால் செல்லாது என்பது முதலாம் எலிசபெத் ராணி காலத்து, 1571-ம் வருஷத்துச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் இங்கே வாதம் என்ன தெரியுமா? 'வீடு என்னுடையது அல்லவே! கம்பெனியுடையது. கம்பெனி வேற, நான் வேற.'

ஒயிட்சேப்பல் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா?

சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. அவர் தூண்டித் தன் கம்பெனியை விட்டு வீட்டைக் கொடுக்க வைத்தால், அவருடைய பங்கின் மதிப்பு காலியாகிறது. கடன் கொடுத்தவனுக்கு நஷ்டம் அதேதான். ஆகவே இதுவும் அந்தப் பிரிவுக்குள் வரும் என்றது. சாலமன் தீர்ப்பை யாரும் உடைக்கவில்லை. கம்பெனி இன்றும் தனி ஆள்தான். அந்தத் தனி ஆளைக் குடையாகப் பிடித்துக்கொள்ளலாம், தலைமறைவுக்கு முக்காடாகப் போட்டுக்கொள்ள முடியாது என்கிறார்கள். அவ்வளவுதான்.

*

சாயங்காலம் தேம்ஸ் கரை. நண்பன் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்த குழாய்த் தண்ணீரை நீட்டினான். "குடி. இதுவும் கேஸ்தான்" என்றான்.

தேம்ஸ் வாட்டர். லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் 1 கோடியே 60 லட்சம் பேருக்குச் சேவை செய்கிற தனியார் கம்பெனி. கடன் 1,600 கோடி பவுண்டுக்கு மேல். 2025 பிப்ரவரியில் 300 கோடி பவுண்டு வரை புதுக் கடன் வாங்க, எல்லோருக்கும் முன்னால் முதல் பந்தி கொடுத்து, 9.75 சதவீத வட்டிக்கு, ஹைகோர்ட் அனுமதித்தது. ஆலோசகர்களின் ஃபீஸைப் பார்த்து, பில் கட்டத் திண்டாடும் ஜனங்கள் அதிர்ந்துபோவார்கள் என்ற கருத்தில் ஜட்ஜே எழுதினார். ஜனங்கள் சார்பில் ஒரு எம்.பி. ஆஜராகி வாதாடினார். அப்பீல் கோர்ட் கேட்டுக்கொண்டது. 2025 ஏப்ரலில் காரணங்களை எழுதி, அப்பீல்களைத் தள்ளியது. குழாயில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதும் ஒரு நியாயம்தானே!

குழாயைத் திருகுகிறவன் எந்தப் பந்தியிலும் இல்லை. அவன் கடன் கொடுத்தவனும் அல்ல, வாங்கினவனும் அல்ல. ஆனால் பில் அவன் வீட்டுக்குத்தான் வரும்.

மார்ஷல்சி சுவரிலிருந்து இங்கே வரை வந்ததில் எனக்குப் பட்டது இதுதான். முன்பு சட்டம் கடன் வாங்கியவனின் உடம்பைக் கேட்டது. பிறகு, கம்பெனி என்றால் 'போகட்டும்' என்றது. இப்போது மெல்ல, 'நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் நின்றவனை நினைத்தாயா?' என்று கேட்க ஆரம்பித்திருக்கிறது. கேள்வி சரியானது. கடைசிப் பந்திக்காரன் வீட்டுக்குப் பணம் வந்து சேர்வதுதான் இன்னும் பாக்கி.

நம் நாட்டிலும் 2016-ல் வந்த திவால் சட்டத்தின் 53-ம் பிரிவில் இந்தப் பந்தி வரிசை இருக்கிறது. தொழிலாளியின் 24 மாத பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்த பேங்கோடு சமமாக உட்காரும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதச் சம்பளம் அடுத்த பந்தி. பத்திரமில்லாமல் சரக்குக் கொடுத்தவன் வெகு கீழே.

ஆகவே, அடுத்த தடவை யாராவது 'கம்பெனி ரொம்ப ஸ்ட்ராங் சார், நம்பி சரக்கு அனுப்புங்க' என்றாலோ, 'நம்ம கம்பெனி, குடும்பம் மாதிரி' என்று சம்பளத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டாலோ, சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேளுங்கள்.

"எல்லாம் சரி சார், எனக்கு எத்தனாவது பந்தி?"